சாந்தம்மாளின் ஓய்வு

சித்தூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்து எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே மழையைக் காணோம், காற்றுதான் ஆளைத் தூக்குகிறது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அங்கே மழை பிடித்துவிட்டதா?

ஹாஸ்டலில் எங்கள் போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் கையில் தருவார்கள். உன் போனோ தோட்டத்து வாய்க்காலில் விழுந்ததிலிருந்து வாய் திறப்பதில்லை. அண்ணனைக் கூப்பிட்டால் எப்போது பார்த்தாலும் ட்ரிப்பில் இருக்கிறான். அதனால் கடிதம்தான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்று பீற்றிக்கொள்வாயே, இப்போது காட்டு பார்க்கலாம்.

ஹோம் நர்ஸ் வகுப்பில் ஒரு ரப்பர் பொம்மை இருக்கிறது. நாங்கள் அதற்குத் தாத்தா என்று பேர் வைத்திருக்கிறோம். காலையில் தாத்தாவுக்குப் பல் தேய்த்து, முகம் துடைத்து, புரட்டிப் போட்டு, விரிப்பு மாற்ற வேண்டும். தாத்தா இதுவரை ஒருத்தரையும் திட்டியதில்லை. "நெஜ ஆளுங்க இவ்வளவு நல்லவங்களா இருக்க மாட்டாங்க, பாத்துக்கங்க" என்கிறார் மேடம். மத்தியானம் இத்தாலி பாஷை. யாரைப் பார்த்தாலும் புவோன் ஜோர்னோ என்று சொல்ல வேண்டுமாம். வாட்ச்மேனுக்குச் சொன்னேன், அவர் பயந்துவிட்டார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். செப்டம்பரோடு உனக்கு ரிட்டயர்மெண்ட். எஸ்டேட் லயத்து வீடுகளின் வழக்கம் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வீட்டில் ஒருத்தர் பேராவது எஸ்டேட் செக்ரோலில் வேலையாளாக இருந்தால்தான் வீடு நமக்கு. இல்லையென்றால் வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீசில் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவரைக்கும் கிராஜுவிட்டியைத் தர மாட்டார்கள். அதனால் அண்ணன் செப்டம்பருக்குள் எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுத்தே ஆக வேண்டும். ஃபாக்டரியோ, மருந்தடிக்கவோ, எதுவானாலும் சரி. வீடு அவன் பேருக்கு மாறிவிடும், உன் பணம் கைக்கு வரும், நவம்பரில் இங்கே கட்ட வேண்டிய பாக்கியைக் கட்டலாம். இத்தாலியில் முதல் சம்பளம் வாங்கியதும் உன் பணத்தைத்தான் முதலில் அனுப்புவேன். நீ வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணனை விடாதே. வெந்நீரில் குளி.

உன் மகள்
இந்து


பள்ளிவாசல் எஸ்டேட், மூணாறு
7 ஜூலை 2024

என் மகள் இந்துவுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க மாடசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

பேனா பிடித்து எத்தனையோ காலமாயிற்று. எழுத்து கோணிக்கொண்டு போகிறது, சிரிக்காதே. மழை விடாமல் பெய்கிறது. நனைந்த தேயிலைக் கொழுந்து கல் மாதிரி கனக்கிறது. அட்டைகளுக்கு என் காலை ரொம்பப் பிடித்துவிட்டது. உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு போனாலும் அழையா விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

ஜெகனிடம் பேசினேன். "பாத்துக்கலாம்மா" என்றான். அவன் பேச்சு உனக்குத் தெரியாததா. டூரிஸ்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்டுக்கொண்டு திரிகிற பிள்ளை, விடிகாலையில் மஸ்டரில் பேர் கூப்பிடும்போது போய்க் கை கட்டி நிற்க யோசிக்கத்தான் செய்வான். நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதையே நினைத்துப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ரப்பர் தாத்தாவைக் கேட்டதாகச் சொல். மனுசருக்குச் செய்ய வரும்போது முகம் சுளிக்காதே. உன் அப்பா கடைசி மாசம் படுக்கையில் கிடந்தபோது நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாய். பள்ளிக்கூடப் பிள்ளை, உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த மனுசன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். படுத்திருக்கிறவர்களுக்குக் கண் எல்லாப் பக்கமும் இருக்கும். அதனால் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. காற்றில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்காதே.

அம்மா
சாந்தம்மாள்


பெருமாட்டி
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்து எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் கறுத்திருக்கிறேன். உன் உடம்பு எப்படி? இருமல் ஏதும் இல்லையே?

விலாசம் மாறியிருக்கிறது பார். எங்களை ஆளுக்கொரு வீட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்தது மருதாத்தாள் அம்மா. ஒரு பக்கம் கையும் காலும் விளங்காது. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு விளங்கும். வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. மகன் ஆறுமுகசாமி தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். தங்கமான மனிதர், என்னையும் "ஏனுங்க சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் அந்த அம்மாவின் காலை நீவிவிட்டேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே அழுத்தி அழுத்தி நீவினேன். "ஏம்புள்ள, என்ர காலென்ன உங்கூரு தேயிலச் செடியா? இந்தப் புடுங்கு புடுங்கற!" என்று போட்டது ஒரு சத்தம். தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் கஞ்சி டம்ளரைத் தட்டிவிட்டது. நான் முகம் சுளிக்கவில்லை அம்மா. நீ எழுதியது நினைவுக்கு வந்தது. துடைத்துவிட்டு இன்னொரு டம்ளர் கொண்டுபோய் வைத்தேன். குடித்துவிட்டு, "இனி உப்புக் கொஞ்சம் சேத்துப் போடு கண்ணு" என்றது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகம்.

அண்ணன் பேர் கொடுத்துவிட்டானா? நவம்பர் பணத்துக்கு ஹாஸ்டலில் இப்போதே கேட்கிறார்கள். கட்டாதவர்கள் பேரை இத்தாலி பட்டியலில் சேர்க்க மாட்டார்களாம். உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

மழையில் ரொம்ப நனையாதே. இன்னும் ஒரு மாசம்தானே, பல்லைக் கடித்துக்கொள்.

இந்து


பள்ளிவாசல்
13 அக்டோபர் 2024

என் மகள் இந்துவுக்கு அம்மா எழுதுவது.

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உடம்பு சுகம்தான். வேலையில்தான் நேரம் போய்விட்டது. நீ இளைத்துவிடாமல் இரு.

செப்டம்பர் கடைசியில் ஆபீசில் எனக்கு மாலை போட்டார்கள். ஒரு சால்வையும் ஒரு குத்துவிளக்கும் கொடுத்தார்கள். மேனேஜர் துரை கையைக் குலுக்கினார். என் கையைப் பிடித்துவிட்டு அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார், தேயிலைக் கறை ஒட்டிவிட்டதோ என்று. கூட வேலை செய்தவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. தோளில் கிடந்த சால்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருசம் கூடை சுமந்த தோளுக்கு அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

வீட்டு விசயம் ஆபீசில் பேசி முடித்தாயிற்று. பணம் வந்துவிடும். நீ அதைப்பற்றி ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

இனிமேல் கடிதத்தை ஜெகன் பேருக்குப் போடு. ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை விலாசம் அவன் தருவான். லயத்துக்குத் தபால்காரர் சரியாக வருவதில்லை. ஜெகன் என்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவான். பதில் கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் பதற வேண்டாம்.

மருதாத்தாள் அம்மாவிடம் பொறுமையாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா
சாந்தம்மாள்


பெருமாட்டி
3 நவம்பர் 2024

அன்புள்ள ரிட்டயர்டு அம்மாவுக்கு,

இந்து எழுதுகிறேன். எனக்குச் சளி பிடித்து விட்டது, அவ்வளவுதான் விசேஷம். உனக்கு இப்போது மூட்டுவலி குறைந்திருக்குமே?

கடிதத்தை மருதாத்தாள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துரை கையைப் பார்த்துக்கொண்ட இடத்தில் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அதற்கு. "உங்கம்மா வெவரமானவ புள்ள. இப்ப அவள ஆரு பாக்கறா?" என்று கேட்டது. "அவங்களே எங்களப் பாத்துக்குவாங்க, அவங்கள எதுக்குப் பாக்கணும்?" என்றேன். "அதுவுஞ்செரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அண்ணன் எந்த வேலைக்குப் பேர் கொடுத்தான் என்று நீ எழுதவே இல்லையே? மருந்துத் தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு அவன் நிற்பதை ஒரு போட்டோ எடுத்து வை. அவன் ஜீப் சிநேகிதர்களுக்குக் காட்டிக் கேலி செய்ய வேண்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், ஓய்வு. ஜன்னல் ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள். மத்தியானம் தூங்கு. அக்கம்பக்கத்து வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யாதே. நீ ராணி மாதிரி வீட்டில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டால்தான் இங்கே எனக்கு மலம் மூத்திரம் அள்ளத் தெம்பு வருகிறது.

பணம் இந்த மாசக் கடைசிக்குள் வந்துவிட்டால் நல்லது.

இந்து


பள்ளிவாசல்
1 டிசம்பர் 2024

என் மகள் இந்துவுக்கு அம்மா எழுதுவது.

உன் சளி விட்டதா? துளசியும் மிளகும் போட்டுக் குடி. நான் சுகம்.

பணத்தை ஜெகன் பாங்கில் போட்டுவிட்டான். கிடைத்ததா என்று அவனுக்குச் சொல்லிவிடு. பணத்தைக் கட்டி முடித்துவிட்டாயென்றால் எனக்குப் பெரிய பாரம் இறங்கும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் லயத்துப் பாப்பாத்தியின் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டாள். நல்ல கனத்த உடம்பு. புரட்டிப் படுக்கவைக்கப் பாப்பாத்தி படாத பாடு படுகிறாள். இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நிமிர முடியவில்லை. ஒரு ஆள் மட்டும் நின்று எப்படிப் புரட்டுவது? முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண் கண்டிருக்கிறது. மாத்திரை கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு பிறகு துப்பிவிடுகிறாள். இதற்கெல்லாம் உங்கள் படிப்பில் ஏதாவது வழி சொல்கிறார்களா? விவரமாக எழுது. படம் போட்டு எழுதினால் நல்லது.

நீ சொன்னபடி ஜன்னல் ஓரமாகத்தான் படுக்கிறேன்.

அம்மா
சாந்தம்மாள்


பெருமாட்டி
15 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்து எழுதுகிறேன். பணம் கிடைத்தது, அன்றைக்கே கட்டிவிட்டேன். என் பேர் பட்டியலில் ஏறிவிட்டது! ஜனவரியில் பரீட்சை, அப்புறம் விசா. அன்று மருதாத்தாள் அம்மாவுக்கு என் செலவில் ஜிலேபி. சர்க்கரை வியாதி கிடையாது, பயப்படாதே. உன் உடம்பு நன்றாக இருக்கிறதா?

பாப்பாத்தி அக்காவுக்கு வைத்தியம் சொல்கிறேன், கேட்டுக்கொள். இடுப்பு முறிந்தவர்களை நினைத்த பக்கம் புரட்டக் கூடாது. எந்தப் பக்கம் திருப்பலாம் என்று முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். அவர் சரி என்றால், இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்து, முதுகுக்குக் கீழே ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, அந்த விரிப்பைப் பிடித்து உடம்பை மொத்தமாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது. தன் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிவிட்டு இழுக்கச் சொல். எண்ணிக்கை கேட்டால் படுத்திருக்கிறவருக்குப் பயம் போகும். புண்ணை நர்ஸிடம் காட்டியே தீர வேண்டும், வீட்டு மருந்து வேண்டாம். அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியும்தான். மாத்திரையைப் பொடிக்கலாமா என்று டாக்டரைக் கேட்கட்டும். படம் பின்பக்கம் இருக்கிறது, மூக்கு சரியாக வரவில்லை.

என்ன அம்மா, நீயும் ஹோம் நர்ஸ் ஆகப் போகிறாயா? உன்னைத் தெரியாதா எனக்கு. பாப்பாத்தி அக்காவுக்குச் சும்மா ஒத்தாசை என்று போய் ராப்பகலாக நீதான் புரட்டிக்கொண்டிருப்பாய். செய்யாதே. வேண்டுமானால் ஆள் வைத்துக்கொள்ளச் சொல்.

வீட்டோடு தங்கி வேலை செய்வது நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஆறுமுகசாமி அண்ணன் வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனாலும் எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, அது சமையலறை ஜன்னலில் தனியாக இருக்கும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. முதல் நாளே அது அங்கே இருந்தது. நான் இளவயசுக்காரி, ஊர் தாண்டிப் போகப்போகிறவள், தாங்கிக்கொள்வேன். உன்னை ஒருத்தர் அப்படி வைத்தால் என்னால் பொறுக்க முடியாது.

பொங்கலுக்கு வருகிறேன். கரும்பு வாங்கி வை.

இந்து


பள்ளிவாசல்
5 ஜனவரி 2025

என் மகள் இந்துவுக்கு அம்மா எழுதுவது.

புது வருசம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

விரிப்பைப் போட்டு இழுத்ததில் எளிதாகப் புரண்டுவிட்டாள். ஒண்ணு ரெண்டு மூணு சொன்னதும் அவளே மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், பாவம். புண்ணும் ஆறி வருகிறது. பாப்பாத்தி உன்னை ரொம்பச் சொன்னாள். நீ நல்ல வேலைக்குத்தான் படித்திருக்கிறாய் இந்து.

தட்டு தனியாக இருப்பதை மனசில் போட்டுக்கொள்ளாதே. நம் தட்டு நமக்கு என்று இருந்தால் அதுவும் ஒரு சுத்தம்தான். கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டால் யார் கையும் படாது. பழகிவிடும்.

பொங்கலுக்கு வர வேண்டாம். பரீட்சை இருக்கிறது, பஸ்ஸில் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கேயும் பனி கொட்டுகிறது. ஜெகனுக்கும் சீசன் நேரம். நீ வந்தால் கவனிக்க ஆள் இல்லை. விசா வந்த பிறகு எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா
சாந்தம்மாள்


மூணாறு
20 பிப்ரவரி 2025

அம்மா,

உடம்பு எப்படி என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். கேட்க வாய் வரவில்லை.

விசா வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் நேற்றுப் புறப்பட்டு வந்தேன். லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு வடக்கத்திப் பெண் இடுப்பில் பிள்ளையோடு திறந்தாள். உள்ளே நம் அடுப்பில் சோறு கொதிக்கிறது. அவள் இந்தியில் என்னவோ கேட்டாள். நான் வீடு மாறி வந்துவிட்டேன் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன். பாப்பாத்தி அக்கா ஓடி வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அவள் மாமியார் என்னைப் பார்த்து எழுந்து நின்று சிரித்தாள்.

அண்ணனைத் தேடிப் பிடித்தேன். மூணாறில் இரண்டு டிரைவர்களோடு ஒரு அறையில் இருக்கிறான். நம் பாத்திரங்களும் உன் குத்துவிளக்கும் அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. சண்டை போட்டேன். "நான் ஜூன் மாசமே முடியாதுன்னு சொல்லிட்டேன் இந்து. அம்மாதான் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுச்சு. சாவியக் குடுக்காம அப்படியே இருந்துக்கம்மா, எத்தன பேரு கிராஜுவிட்டி வாங்காம அதுலயே இருக்காங்கன்னும் சொன்னேன். அவளுக்கு நவம்பருக்குள்ள பணம் வேணும்டான்னுட்டு அதுவே போய்ச் சாவியக் குடுத்துருச்சு" என்றான்.

எனக்காகத்தான் சாவி கொடுத்தாய். அதன் பிறகு தொடுபுழாவில் யாரோ ஒரு வீட்டில் போய், நான் என்ன படித்தேனோ அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாயாம், அண்ணன் சொன்னான். நான் உனக்கு அங்கேயிருந்து படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஹோம் நர்ஸ் ஆகப் போகிறாயா என்று கேலி வேறு.

ஒன்று சொல்கிறேன். அண்ணன் எந்த வேலைக்குப் பேர் கொடுத்தான் என்று கேட்டு எழுதினேன். நீ பதில் சொல்லவில்லை. மறுபடி நான் கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் இல்லை. கேட்டால் பணம் நின்றுபோகும் என்று எனக்கு உள்ளே எங்கேயோ தெரிந்திருந்தது. லயத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பணம் எப்படி வரும் என்று தெரியாதா அம்மா?

நான் இத்தாலிக்குப் போகவில்லை. இன்றைக்கே உன்னிடம் வந்திருப்பேன். "மொதல்ல அம்மாகிட்டக் கேட்டுட்டுப் போ, அங்க நெலம வேற" என்று அண்ணன் தடுத்துவிட்டான். அவன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்து


தொடுபுழா
24 பிப்ரவரி 2025

என் மகள் இந்துவுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். இது பொய் இல்லை. மூன்று வேளை சாப்பாடு, படுக்க மெத்தை இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிற அம்மச்சி நல்ல மாதிரி. அழாதே.

நீ கேட்காமல் விட்டது எனக்கும் தெரியும். நீ மறுபடி கேட்டிருந்தால் நான் துணிந்து பொய் எழுத வேண்டி வந்திருக்கும். கேட்காமல் இருந்தாயே, அதுவும் எனக்கு ஒரு ஒத்தாசை என்றுதான் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தமும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ போகாமல் இருக்கக் கூடாது. போகாவிட்டால் சாவி திரும்பி வந்துவிடுமா? அந்த வடக்கத்திப் பெண்ணை இறக்கிவிட்டு நமக்கு வீடு தருவார்களா? வீடும் போய் நீயும் போகாமல் நின்றால், எதற்காகக் கொடுத்தேன் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? போ.

புறப்படுகிற முன் என்னைப் பார்க்க வா. ஆனால் ஒரு விசயம் இருக்கிறது. என்னை வேலைக்கு வைத்தபோது அம்மச்சியின் மகள் பின்சி கேட்டது ஒரே கேள்விதான். "சேச்சிக்கு வீட்டில் ஆரொக்கெ உண்டு?" அக்காவுக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. எனக்கு முன்னால் வேலைக்கு நின்றவர்கள் மகள் பிரசவம், பேரனுக்குக் காது குத்து என்று போய்த் திரும்பி வரவில்லையாம். ஆள் பந்தம் இல்லாதவள்தான் வேண்டும் என்று கூட்டிவந்த ஏஜென்ட் வழியிலேயே சொல்லிவைத்திருந்தான். நான் எனக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உங்கள் இரண்டு பேரையும் மனசில் நிறுத்தி மாடசாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பெற்றவள் வாயால் சொல்லக் கூடாத சொல் அது.

இப்போது மகள் என்று நீ வந்து நின்றால் என் வேலை போய்விடும். போனால் எனக்கு ஒதுங்க இடம் இல்லை, ஜெகன் அறையில் மூன்று ஆண்பிள்ளைகள். அதனால் எஸ்டேட்டுப் பெண், வெளிநாடு போகிறேன், சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்று சொல். என்னை அக்கா என்று கூப்பிடு. வாசலில் அழக் கூடாது. காலில் விழக் கூடாது. இப்போதே ஆசீர்வாதம் செய்துவிடுகிறேன், நல்லா இரு.

சனிக்கிழமை காலையில் வா. அப்போது அம்மச்சி தூங்குவார்.

அம்மா


பதோவா, இத்தாலி
16 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்து எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குளிர் மூணாறை விட அதிகம், ஆனால் அறை சூடாக இருக்கிறது. இதைப் போட்டோ எடுத்து அண்ணன் போனுக்கு அனுப்புகிறேன். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? இந்தத் தடவை உண்மையை எழுது.

அன்று உன்னிடம் நாலு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. கதவைத் திறந்து, "வாங்க" என்றாய். பெற்ற மகளைப் பார்த்து வாங்க என்றாய். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், நீ டீயை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாய். "உக்காருங்கக்கா" என்றேன். "இருக்கட்டும்மா" என்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாய். நீ மெலிந்துவிட்டாய் அம்மா. கழுத்தெலும்பு தெரிகிறது. அதைக்கூடக் கேட்க முடியாமல் டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அம்மச்சி விழித்துக் கூப்பிட்டதும் நீ உள்ளே ஓடினாய். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உள்ளே நீ ஒண்ணு ரெண்டு மூணு சொல்கிற சத்தம் கேட்டது. பின்சி என்னைப் பார்த்து, "மோளுடெ அம்ம எவிடெயா?" என்று கேட்டார். "வீட்டுல இருக்காங்க" என்றேன். "ஜோலிக்குப் போகாறில்லே?" என்றார். "இல்ல. ரிட்டயராயிட்டாங்க. ரெஸ்ட்ல இருக்காங்க" என்றேன்.

உள்ளே உனக்குக் கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். நீ வந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாய். விமானத்தில் ஏறியும் எனக்கு அதே நினைவுதான். இங்கே நான் பார்த்துக்கொள்கிற அம்மாவின் நெற்றியைத் துடைக்கும்போதெல்லாம் உன் நெற்றி வருகிறது. உனக்கு நான் ஒரு நாளும் துடைத்ததில்லை. என்னை மன்னித்துவிடு. சம்பளம் வந்ததும் முதல் வேலையாக உனக்கு ஒரு வாடகை வீடு பிடிக்க அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்து


தொடுபுழா
6 ஏப்ரல் 2025

என் மகள் இந்துவுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தை ஜெகன் போனில் காட்டினான். எழுத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி வாசித்தேன். இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது, உண்மையை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். தைலம் தேய்க்கிறேன். நீ காதை மூடிக்கொண்டு வெளியே போ. அந்த ஊர்ச் சோறு பிடிக்காவிட்டாலும் வயிற்றைக் காயப்போடாதே.

வாடகை வீட்டுக்கு அவசரம் இல்லை. அம்மச்சிக்கு நான் இல்லாமல் ஆகாது. கொஞ்ச நாள் போகட்டும்.

நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நீ பின்சியிடம் சொன்னது எனக்கு அன்றைக்கே தெரியும். நீ போன பிறகு சாயங்காலம் அம்மச்சிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். பின்சி கட்டிலில் வந்து உட்கார்ந்து, "ஆ குட்டியுடெ அம்ம பாக்யவதியா, சேச்சி. மோள் வெளியில போயி சம்பாதிக்கும், அம்மக்கு சுகமாயிட்டு வீட்டில் இரிக்காம்" என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.

"சேச்சிக்கு அவரெ அறியுமோ?" என்று கேட்டாள். தெரியும், பக்கத்து லயம்தான், நல்ல பொம்பளை, மகள் என்றால் உயிரை விடுவாள் என்றேன்.

அம்மா